உங்களுக்குத் தெரியுமா? சார்ஜரில் வண்டி, டிரான்ஸ்ஃபார்மரில் பாரம்

மின் வண்டி வாங்கும்போது விலை, மைலேஜ், மானியம் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். அந்த வண்டிக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. உலகெங்கும் மின்வாரியங்கள் இப்போது அந்தக் கவலையில்தான் மும்முரமாக இருக்கின்றன. நாம் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் அதில் நிறைய உண்டு.

ஒரு யூனிட்டில் எவ்வளவு தூரம்?
சாதாரண மின் ஸ்கூட்டர் ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் 30 கிலோமீட்டர் ஓடும். அதன் பேட்டரி பெரும்பாலும் 2 முதல் 4 யூனிட் கொள்ளும். மின் கார் என்றால் யூனிட்டுக்கு 6, 7 கிலோமீட்டர். வேலைக்கும் கடைக்குமாக நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் சுற்றும் ஸ்கூட்டரால் வீட்டு மீட்டரில் ஏறுவது தினம் ஒரு யூனிட்தான். 1.5 டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஒரு யூனிட்டைத் தீர்த்துவிடும்.

நார்வேயின் கணக்கு
2024-இல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் 100-க்கு கிட்டத்தட்ட 89 முழு மின் கார்கள். இத்தனை கார்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அந்நாட்டு நீர்வள, எரிசக்தி இயக்குநரகம் முன்பே கணக்குப் போட்டுவிட்டது. 15 லட்சம் மின் கார்கள் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி யூனிட் தேவை. நாட்டின் மொத்த மின் நுகர்வில் அது ஏறக்குறைய 3 சதவீதம். மின்சாரத்தை உற்பத்தி செய்வது நார்வேக்குப் பெரிய பிரச்சினையே இல்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே?
நம் ஊர்க் கணக்கையே பார்க்கலாம். 2024 ஏப்ரல் 30 அன்று தமிழ்நாட்டின் ஒருநாள் மின் நுகர்வு 45 கோடி யூனிட்டைத் தாண்டியது. இரண்டு நாள் கழித்து, மே 2 அன்று, உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 10 லட்சம் ஸ்கூட்டர்கள் நாளுக்கு ஒரு யூனிட் எடுத்தால் மொத்தம் 10 லட்சம் யூனிட். ஏப்ரல் 30 நுகர்வில் அது கால் சதவீதம்கூட இல்லை. ஆனால் அந்த 10 லட்சம் பேரும் இரவு 7 மணிக்கு வீட்டுக்கு வந்து, ஒரே நேரத்தில் 700 வாட் சார்ஜரைச் செருகினால் 700 மெகாவாட் தேவை! உச்சத் தேவையில் 3 சதவீதத்துக்கும் மேல். வண்டி அதேதான், யூனிட்டும் அதேதான். செருகும் நேரம் மட்டும் ஒன்றாகிவிட்டது.

முகூர்த்த நாள் கூட்டம்
ஆண்டு முழுவதும் பஸ்ஸில் இடம் கிடைக்கும். முகூர்த்த நாளில் மட்டும் பஸ் நிலையம் திணறும். மின்வாரியத்தின் நிலையும் அதுதான். கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், துணை மின்நிலையம் எல்லாவற்றையும் அந்த ஒரு சில மணி நேர நெரிசலுக்காகவே கட்ட வேண்டியிருக்கிறது. நெரிசலைக் கலைத்துவிட்டால் புதிதாகக் கட்டும் செலவும் குறையும். அந்தச் செலவு கடைசியில் நம் மின்கட்டணத்தில்தான் வந்து விழும் என்பதால், இது மின்வாரியத்தின் தலைவலி என்று ஒதுக்கிவிட முடியாது.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா?
நம் தெருக்களில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள் 63, 100, 250, 500 கேவிஏ எனப் பல அளவுகளில் வரும் (ஒரு கேவிஏவை ஏறக்குறைய ஒரு கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம்). 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு 60 கிலோவாட் அதிவேக சார்ஜரை மாட்டினால், பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். வீட்டில் பொருத்தும் 7.4 கிலோவாட் கார் சார்ஜர் ஏறக்குறைய நான்கு ஏ.சி.க்களுக்குச் சமம். அதனால்தான் பொது சார்ஜிங் நிலையங்கள் பலவற்றுக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைக்க நேர்கிறது.

6 டிகிரி கூடினால்…
டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் தாமிர, அலுமினியச் சுருள்களைச் சுற்றிக் காகிதம் பொதிந்திருக்கும். அந்தக் காகிதம் எவ்வளவு நாள் தாங்குமோ அவ்வளவு நாள்தான் டிரான்ஸ்ஃபார்மரின் ஆயுள். சாதாரணக் காகிதத்தின் வெப்பநிலை 98 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால், ஒவ்வொரு 6 டிகிரிக்கும் அது நலிவடையும் வேகம் இரட்டிப்பாகிறது என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் கணக்கு. பகலில் சூடேறிய எண்ணெய் பின்னிரவில் ஆறும்; அந்த ஓய்வில்தான் டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கிறது. எல்லோரும் விடிய விடிய சார்ஜ் போட்டால் அந்த ஓய்வும் போய்விடும். இரவு நேரத்தையும் பங்கிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

எல்லோரும் ஒன்றாகச் செருகுவார்களா?
நிஜ வாழ்க்கையில் அப்படி நடப்பதில்லை. ஜெர்மனியின் ஓஸ்ட்ஃபில்டர்ன் நகரில் நெட்ஸே பிடபிள்யூ என்ற மின் விநியோக நிறுவனம் ஒரே தெருவில் வசிப்பவர்களுக்கு 10 மின் கார்களைக் கொடுத்துப் பார்த்தது. ஒரே நேரத்தில் அதிகபட்சம் 5 கார்கள்தான் சார்ஜில் இருந்தன. பிறகு டாம் என்ற ஊரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் 45 கார்களோடு சோதித்தார்கள். அங்கே உச்சம் 13. வண்டிகள் கூடக் கூட, ஒரே நேரத்தில் செருகும் விகிதம் குறைகிறது. மின் பொறியாளர்கள் இந்த விகிதத்தை அறிந்த பிறகே எந்தக் கம்பியை மாற்றுவது என்று முடிவெடுக்கிறார்கள்.

பக்கத்து வீட்டைப் பார்த்து…
ஒரு வீட்டில் மின் கார் வந்தால் அந்தத் தெருவில் அடுத்தடுத்து வரும். நகரம் முழுக்கப் பரவுவதற்கு முன்பே ஏதோ ஒரு தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் திணறத் தொடங்கிவிடும். பிரிட்டனில் 2013 முதல் 2015 வரை நடந்த 'மை எலக்ட்ரிக் அவென்யூ' ஆய்வு, அக்கம்பக்கத்தாருக்கு நிசான் லீஃப் கார்களைக் கொடுத்து இதை அளந்தது. 40 முதல் 70 சதவீத வீடுகளில் 3.5 கிலோவாட் அளவில் சார்ஜ் செய்யும் கார்கள் வந்துவிட்டால், பிரிட்டனின் தாழ்வழுத்த ஃபீடர்களில் (தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீடுகளுக்குப் போகும் லைன்களில்) 32 சதவீதத்தை, அதாவது சுமார் 3,12,000 ஃபீடர்களை, வலுப்படுத்த வேண்டியிருக்கும் என்று கண்டது. மீதி மூன்றில் இரண்டு பங்கு அப்படியே தாங்கும். எந்த ஃபீடர் எந்தப் பங்கில் சேரும் என்று முன்கூட்டியே அறிவதுதான் முக்கியம்.

மீட்டர் காட்டிக்கொடுக்கும்
மாலையில் தொடங்கிப் பல மணி நேரம் ஏற்ற இறக்கமில்லாமல் 3.3 கிலோவாட்டோ 7 கிலோவாட்டோ ஓடினால், அது பெரும்பாலும் காராகத்தான் இருக்கும். ஸ்மார்ட் மீட்டர் பதிவுகளில் இந்தத் தடயத்தைத் தேடி, எந்தத் தெருவில் மின் கார்கள் சேர்கின்றன என்று பல நாட்டு மின் நிறுவனங்கள் கண்டுபிடிக்கின்றன. இந்தியாவில் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்துவது இலக்கு.

ஒரே முனையில் மூன்று கார்
தெரு டிரான்ஸ்ஃபார்மர் மும்முனை மின்சாரம் தருகிறது. பெரும்பாலான வீடுகள் ஏதோ ஒரு முனையில் தொங்கும். மின் கார் உள்ள மூன்று வீடுகளும் தற்செயலாக ஒரே முனையில் அமைந்தால், அந்த முனையில் மட்டும் லோ வோல்டேஜ் வரும்; கடைசி வீட்டு மின்விசிறி மெதுவாகச் சுற்றும். சில இடங்களில் லைன்மேன் ஒரு வீட்டை வேறு முனைக்கு மாற்றினாலே இது சரியாகிவிடும். ஜெர்மனியில் ஒருமுனைச் சுமை 4.6 கேவிஏவைத் தாண்டக்கூடாது என்று விதியே உண்டு.

10 நிமிடத் தாமதம்
'நள்ளிரவு 12 மணிக்குக் கட்டணம் குறையும்' என்று அறிவித்தால் என்ன ஆகும்? லட்சக்கணக்கான சார்ஜர்கள் ஒரே நொடியில் உயிர்பெறும். மின்கட்டமைப்புக்கு அது ஒரு திடீர் அடி. பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வீடுகளுக்காக விற்கும் புதிய சார்ஜர்கள் 10 நிமிடம் வரை ஆளுக்கொரு தாமதத்தோடுதான் தொடங்க வேண்டும். வாரநாட்களில் காலை 8 முதல் 11, மாலை 4 முதல் இரவு 10 ஆகிய உச்ச நேரங்களைத் தவிர்க்கும்படி தொடக்கத்திலேயே அமைத்தும் தர வேண்டும். அவசரமென்றால் வண்டிக்காரர் மாற்றிக்கொள்ளலாம்.

மறுக்கக் கூடாது, குறைக்கலாம்
ஜெர்மனியில் 2024 ஜனவரி முதல் ஒரு புதிய உடன்பாடு. 4.2 கிலோவாட்டுக்கு மேற்பட்ட புதிய வீட்டு சார்ஜருக்கு, 'லைனில் திறன் இல்லை' என்று சொல்லி மின் விநியோக நிறுவனம் இணைப்பை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. பதிலுக்கு, தெரு லைன் நெருக்கடியில் இருக்கும்போது அந்த சார்ஜரின் வேகத்தை 4.2 கிலோவாட் வரை குறைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. இதற்கு ஈடாக வீட்டாருக்குக் கட்டமைப்புக் கட்டணத்தில் சலுகை. முழுதாக நிறுத்த அனுமதியில்லை. வண்டி மெதுவாகவாவது சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும்.

கலிஃபோர்னியாவின் செப்டம்பர்
2022 ஆகஸ்ட் 25 அன்று, பெட்ரோலில் மட்டும் ஓடும் புதிய கார்களின் விற்பனையை 2035-க்குள் நிறுத்த கலிஃபோர்னியா முடிவெடுத்தது. சில நாட்களிலேயே கடும் வெப்ப அலை. மாலை 4 முதல் இரவு 9 வரை மின் காரைச் செருகாதீர்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். செப்டம்பர் 6 அன்று தேவை 52,061 மெகாவாட் என்ற வரலாற்று உச்சத்தைத் தொட்டது. கைபேசிகளுக்கு அவசரச் செய்தி பறந்தது. அரை மணி நேரத்துக்குள் 2,000 மெகாவாட்டுக்கு மேல் சுமை இறங்கி, பெரிய மின்வெட்டு தவிர்க்கப்பட்டது. மக்கள் மனம்வைத்தால் ஒரு பெரிய அனல்மின் நிலையம் செய்யும் வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வெயில் நேரத்தில் மலிவு
நம் நாட்டில் நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகுகிறது. பொழுது சாய்ந்தால் மறைந்துவிடுகிறது. எனவே மத்திய மின்துறையின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பொது சார்ஜிங் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி விநியோகச் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் கட்டணம் எனப் பிரிக்கச் சொல்கிறது. கேரள மின்வாரியம் 2025 ஏப்ரல் முதல் இதே கால எல்லையில் இரண்டு கட்டணங்களைக் கொண்டுவந்துவிட்டது. அலுவலகத்தில் நிற்கும் வண்டியை அங்கேயே பகலில் சார்ஜ் செய்ய வழி பிறந்தால், கட்டணமும் மிச்சம், மாலை நெரிசலும் குறையும்.

விற்பனையா, சேவையா?
இந்தியச் சட்டப்படி மின்சாரம் விற்க உரிமம் வேண்டும். பெட்டிக்கடைக்காரர் ஒரு சார்ஜரை மாட்டிக் காசு வாங்கினால் அதுவும் மின்சார விற்பனையா? 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை தெளிவுபடுத்தியது: சார்ஜ் செய்து கொடுப்பது ஒரு சேவை, உரிமம் தேவையில்லை. ஓட்டல்களும் வணிக வளாகங்களும் சார்ஜர் வைக்க வழி திறந்தது அந்த விளக்கம்தான்.

3 நாளில் இணைப்பு
2024 பிப்ரவரியில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, மின் வண்டிக்கென்று வீட்டில் தனி இணைப்பு கேட்டுப் பெறலாம். புதிய இணைப்பைப் பெருநகரங்களில் 3 நாளிலும், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாளிலும், கிராமங்களில் 15 நாளிலும் தர வேண்டும். மலைப்பாங்கான கிராமங்களுக்கு 30 நாள்.

விளக்குக் கம்பத்தில் சார்ஜர்
தெருவிளக்குகள் எல்.இ.டி.க்கு மாறியதும் அந்தக் கம்பிகளில் கொள்ளளவு மிஞ்சியது. லண்டன் அதைப் பயன்படுத்திக்கொண்டது. 2020-இல் சதர்லேண்ட் அவென்யூ என்ற தெருவில் 24 விளக்குக் கம்பங்களில் சார்ஜர்களைப் பொருத்தினார்கள். வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லாதவர்களுக்கு இது பெரிய உதவி. கேரளத்தில் மின்கம்பங்களிலேயே ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் சார்ஜிங் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். 2021-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது அது.

படகுத்துறையில் பேட்டரி
நார்வேயின் சோக்னே கடற்கழியில் 2015-இல் ஓடத் தொடங்கிய 'ஆம்பியர்', 120 கார்களையும் 360 பயணிகளையும் ஏற்றும் மின் படகு. ஒவ்வொரு கரையிலும் 10 நிமிடம்தான் நிற்கும். அதற்குள் சார்ஜ் ஏற வேண்டும். ஆனால் கரையில் இருப்பவை சின்ன ஊர்கள். அந்த மின்கம்பிகள் அவ்வளவு பாரத்தைத் தாங்காது. எனவே இரு துறைகளிலும் 260 யூனிட் கொள்ளும் பேட்டரிகளை வைத்தார்கள். படகு அக்கரையில் இருக்கும்போது ஊர் லைனிலிருந்து நிதானமாக நிறைந்து, படகு வந்ததும் அள்ளிக் கொடுக்கும். நெடுஞ்சாலை சார்ஜிங் நிலையங்கள் சிலவும் இன்று இதே வழியைப் பின்பற்றுகின்றன.

பேருந்துப் பணிமனை
சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017-இல் தன் 16,359 பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றி முடித்தது. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின் பேருந்துகள் புறப்பட்டன. பணிமனையில் கணக்கு மிக முக்கியம். 200 யூனிட் பேட்டரி கொண்ட 50 பேருந்துகள் திரும்பியதும் எல்லாவற்றையும் 120 கிலோவாட் சார்ஜரில் மாட்டினால் 6,000 கிலோவாட் தேவை. அதையே முறைவைத்து 6 மணி நேரத்துக்குப் பரப்பினால் 1,700 கிலோவாட் போதும். விடியும்போது இரண்டிலும் எல்லாப் பேருந்துகளும் நிறைந்திருக்கும்.

லாரிக்கு மெகாவாட்
கனரக லாரிகளுக்கென்று 2022-இல் ஆஸ்லோவில் அறிமுகமான சார்ஜிங் முறையின் உச்ச வரம்பு 3.75 மெகாவாட். 10 லாரிகள் ஆளுக்கு ஒரு மெகாவாட் எடுத்தாலே, நம் ஊர் 33 கிலோவோல்ட் துணை மின்நிலையத்தின் ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மர் நிறைந்துவிடும். லாரி நிறுத்தம் எங்கே வரும் என்பதை மின்வாரியம் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

மின் நிறுவனங்கள் தந்த கொடை
ஜப்பானின் சாடெமோ அதிவேக சார்ஜிங் முறையை உருவாக்கியதில் முன்நின்றது டோக்கியோ மின்சார நிறுவனம். சார்ஜரும் அதை நடத்தும் மையக் கணினியும் பேசிக்கொள்ள உலகெங்கும் பயன்படும் ஓசிபிபி என்ற மொழி, நெதர்லாந்தின் மின் விநியோக நிறுவனங்கள் சேர்ந்து 2009-இல் தொடங்கிய ஈ-லாட் அமைப்பில் பிறந்தது. எந்த நிறுவனத்தின் சார்ஜரையும் தூரத்திலிருந்தே வேகம் கூட்டிக் குறைக்க முடிவது அதனால்தான்.

100 ஆண்டுக்கு முந்தைய பேட்டரி மாற்று
அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மின்விளக்கு நிறுவனம் 1910 முதல் 1924 வரை மின் லாரிகளுக்குப் பேட்டரி மாற்றித் தந்தது. லாரியைப் பேட்டரி இல்லாமல் வாங்கலாம்; ஓடிய மைலுக்குக் காசு. அந்த வண்டிகள் மொத்தம் 60 லட்சம் மைல் ஓடின. இன்று தைவானில் கோகோரோ நிறுவனம் ஸ்கூட்டர்களுக்கு இதையே செய்கிறது. அங்கே நிலையத்தில் அடுக்கியிருக்கும் பேட்டரிகள், மின்கட்டமைப்பு திணறும்போது சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திக்கொள்ளக் கூடியவை.

திருப்பிக் கொடுக்கும் வண்டி
பெரும்பாலான கார்கள் நாளின் பெரும்பகுதி சும்மாதான் நிற்கின்றன. அவற்றின் பேட்டரியிலிருந்து மின்சாரத்தைத் திரும்ப எடுக்கலாமே என்று டெலவேர் பல்கலைக்கழகத்தின் வில்லெட் கெம்ப்டன் 1997-இல் சக ஆய்வாளருடன் சேர்ந்து எழுதினார். 2016-இல் டென்மார்க்கின் ஃப்ரெடரிக்ஸ்பெர்க் நகர சேவை நிறுவனம் தன் 10 மின் வேன்களைக் கொண்டு அதை வணிக முறையில் செய்து காட்டியது. 2022 முதல் கலிஃபோர்னியாவின் எல் கஹோன் நகரில் 8 பள்ளிப் பேருந்துகளும் அப்படி மின்சாரம் கொடுக்கின்றன. கோடை விடுமுறையில் பேருந்துகள் நிற்கும். மின்தேவை உச்சத்தில் இருக்கும். இரண்டும் பொருந்திப்போகின்றன.

பேரிடரில் கைகொடுத்த கார்
2011 சுனாமிக்குப் பின் வடகிழக்கு ஜப்பானில் பெட்ரோல் கிடைக்கவில்லை. மின்சாரம் முன்னதாகத் திரும்பியது. அங்கே நிவாரணப் பணிக்கு நிசான் லீஃப் கார்கள் ஓடின. அந்த அனுபவத்துக்குப் பிறகு, 2012-இல், காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் தரும் கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. புயலுக்குப் பின் நாள்கணக்கில் இருட்டில் கிடக்கும் நம் கடலோர மாவட்டங்களுக்கும் இது பயன்படும்.

கான்பெராவின் 16 கார்கள்
2024 பிப்ரவரி 13 அன்று புயலில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து உயரழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. மின்கட்டமைப்பின் அதிர்வெண் சரிந்ததும், கான்பெராவில் ஓர் ஆய்வின் பகுதியாகச் செருகியிருந்த 16 கார்கள் சில நொடிகளில் தாமாகவே 107 கிலோவாட்டைக் கட்டமைப்புக்குத் திருப்பி அனுப்பின. அளவு சிறியது, படிப்பினை பெரியது. அன்று மின்சாரம் நிறுத்தப்பட்ட 90,000 வாடிக்கையாளர்களைக் காப்பாற்ற, 6,000 கார்கள் சார்ஜ் ஏற்றுவதைச் சற்று நிறுத்தியிருந்தாலே போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மின்சாரத்தைத் திருப்பித் தரும் வசதி இல்லாத சாதாரண வண்டியும் இப்படிப் பொறுத்திருந்தே உதவ முடியும்.

நம் பங்கு
ஸ்கூட்டர் செயலியிலோ சார்ஜரிலோ நேரம் குறிக்கும் வசதி இருந்தால், மாலை 6 முதல் 10 வரை தவிர்த்துவிடுங்கள். மாடியில் சூரியத் தகடு இருந்தால் பகலிலேயே ஏற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள். நல்ல எர்த்திங்கும், மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் உள்ள 16 ஆம்பியர் தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள். கார் சார்ஜர் என்றால் மின்வாரிய அலுவலகத்தில் கூடுதல் மின்பளுவுக்கு மறக்காமல் விண்ணப்பியுங்கள். பலர் அதைச் செலவென்று நினைத்துத் தவிர்க்கிறார்கள். உங்கள் தெருவில் எத்தனை கார்கள் வந்திருக்கின்றன என்பதைப் பிரிவு அலுவலகப் பொறியாளர் உறுதியாக அறிந்துகொள்வது அந்த விண்ணப்பங்களிலிருந்துதான். அவை கையில் இருந்தால், பழைய டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும் வரை காத்திராமல், பெரியது ஒன்று வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்க அவரால் முடியும்.